அரைப்புள்ளியும் அரைப்பேரும்



சதுரங்கத்தில் வென்றவருக்கு ஒரு புள்ளி. ஆட்டம் சமநிலையில் முடிந்தாலோ ஆளுக்கு அரைப்புள்ளி. எளியவருக்கு அது வெற்றியாய் இனிக்கும். வலியவருக்குத் தோல்வியாய்க் கசக்கும்.

2023 டிசம்பரில், குரோவேஷியாவின் சாக்ரெப் நகரில் ஐரோப்பிய மின்னல்வேகச் சதுரங்கப் போட்டி நடைபெற்றது. ருமேனியாவின் தேசியப் பட்டத்தை இருமுறை வென்ற கிராண்ட் மாஸ்டர் நெவெட்னிச்சியின் எதிரே எட்டு வயதுத் தமிழ்ச் சிறுமி போதனா சிவானந்தன் அமர்ந்தாள். திருச்சிராப்பள்ளியைப் பூர்வீகமாகக் கொண்ட இலண்டன் குடும்பத்துப் பிள்ளை. 2020 பெருந்தொற்றுக் காலத்தில், தந்தையின் நண்பர் விட்டுச்சென்ற பையிலிருந்த சதுரங்கக் காய்களை விளையாட்டுச் சாமான் என்று எடுத்தவள். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. அவருக்கும் அரை, அவளுக்கும் அரை.

கண்டி மலைத்தோட்டத்து மக்களுக்கு 'அரைப்பேர்' என்றால் விளக்கம் வேண்டியதில்லை. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைநாட் சம்பளம். ஆண்டவர் சொன்ன திராட்சைத் தோட்ட உவமையிலோ (மத்தேயு 20), அரைப்பேரும் தேறாத கடைசி நேர ஆட்களுக்கு முழுப்பேர் கிடைத்தது. விடியற்காலைப் பிரட்டுக்கே வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் கூலியில் ஒரு சதமும் குறையவில்லை. மற்றவனும் தங்களுக்குச் சமமானதே அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

அன்பான பெற்றோரே, ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பட்டணத்துக் கடைக்காரர் பிள்ளையும் லயத்துப் பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்கிறார்கள். இருவரும் ஒரே புள்ளி வாங்கினால் வீட்டில் நாம் என்ன சொல்கிறோம்? "அவனே எடுத்துவிட்டான், உனக்கு என்ன குறை?" என்கிறோம். அந்த ஒரு சொல்லால் இரண்டு பிள்ளைகளைக் காயப்படுத்துகிறோம். நம் பிள்ளை தன் உழைப்பை அவமானமாக எண்ணுகிறான். அடுத்த பிள்ளையின் உழைப்பைத் திருட்டாக எண்ணவும் பழகுகிறான்.

புனித அவிலா தெரேசம்மாள் தம் கன்னியருக்குச் சதுரங்கத்தையே உவமையாக்கி, அதில் இராணிக்குள்ள வல்லமை ஆன்ம வாழ்வில் தாழ்ச்சிக்கு உண்டு என்று கற்பித்தார். எளியவர் அஞ்சாமல் வந்து அமர்வதும் தாழ்ச்சிதான். வலியவர் முகம் வாடாமல் கை கொடுப்பதும் தாழ்ச்சிதான். இரண்டாவதே நமக்குக் கடினம்.

ஆகவே, வரும் ஞாயிறு பூசை முடிந்ததும், உங்கள் பிள்ளைக்குச் சமமாக நின்ற அந்தப் பிள்ளையை அழைத்து, "நன்றாய்ச் செய்தாய், மகனே" என்று சொல்லுங்கள். உங்கள் பிள்ளையும் அருகில் நின்று கேட்கட்டும். இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.