அளவு மீறிய உதவி

மாரடைப்புக்குப் பின் வீடு திரும்பிய என் தம்பி கேட்டான்: "அக்கா, போன ஜென்மத்துல நான் யாருக்கு என்ன பண்ணேன்?" திருநள்ளாறு போய்ப் பரிகாரம் செய்துவிட்டு வரவேண்டும் என்கிறாள் அம்மா. மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் கற்பித்தவள் நான். கோயிலுக்கும் தவறாமல் போகிறவள். படித்ததையும் நம்புவதையும் கைவிடாமல் அவனுக்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

இதயத் தசையில் ஒரு பகுதி இரத்தமின்றி இறந்ததும், உடல் உடனே உதவிக்கு வருகிறது. சிறுநீரகம் ரெனினைச் சுரக்கிறது; அதன் தொடர்ச்சியாக ஆஞ்சியோடென்சின் உருவாகி, இரத்தக் குழாய்களை இறுக்கி, அழுத்தம் சரியாமல் காக்கிறது. தேறிவருபவர்களின் இரத்தத்தில் இந்த வேகம் சில நாட்களில் தணிந்துவிடும். இதயச் சுவருக்குள் அப்படித் தணிவதில்லை. ஆஞ்சியோடென்சினுக்கு வீரியம் ஏற்றும் ஏசிஇ என்ற நொதி, தழும்பிலும் அதன் ஓரங்களிலும் பெருகி, வாரக்கணக்கில் அங்கேயே வேலை செய்கிறது. அதன் தூண்டுதலால் கொலாஜன் நார் படிகிறது. தழும்பில் நார் படியாவிட்டால் சுவரே கிழிந்துவிடலாம். ஆனால் காயம்படாத தசைக்குள்ளும் நார் படர்ந்தால் சுவர் விறைக்கும். நாளடைவில் இடது கீழறை விரிந்து, இரத்தத்தை வெளியே தள்ளும் திறன் குறையும்.

இதில் யாரைக் குற்றவாளி என்பது? அதே நொதிதான் நுரையீரலில் பிராடிகைனினை உடைத்து அகற்றுகிறது. எனலாப்ரில் மாத்திரையால் நொதியை அடக்கியதும், பிராடிகைனின் தேங்கி, தம்பிக்கு வறட்டு இருமல் வந்தது. ஓரிடத்தில் கெடுப்பது இன்னோரிடத்தில் வேண்டியதாக இருக்கிறது.

வினைக்கணக்குப் பார்ப்பவர்கள் நோய்க்குப் பின்னால் ஒரு குற்றத்தைத் தேடுகிறார்கள். நான் அங்கே காண்பது, எப்போது நிறுத்துவது என்று அறியாத உதவியை. ஊழுக்கென்று தனி அதிகாரமே எழுதிய வள்ளுவர், 'மருந்து' அதிகாரத்தில் நோய்க்குக் காரணமாக மிகுதியையும் குறைவையும்தான் சொல்கிறார். முற்பிறவிக் கடனை அங்கே கொண்டுவரவில்லை. இதை நான் மிகவும் மதிக்கிறேன். எங்கள் வீட்டிலும் அந்த மிகுதி உண்டு: டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியும், அம்மா தம்பியைக் கட்டிலைவிட்டு இறங்கவிடுவதில்லை. அவள் அன்பில் ஒரு குறையும் இல்லை. அதற்கு ஓர் எல்லைதான் தேவைப்படுகிறது. நல்ல எண்ணம் இருந்தால் போதும், விளைவும் நல்லதாகவே இருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. எவ்வளவு, எதுவரை என்று கேட்பதும் அறத்தின் பகுதியே.

மருத்துவமும் இங்கே அந்த அறத்தைத்தான் கடைப்பிடிக்கிறது. பிரேசில் நாட்டு ஜராராகா விரியனின் விஷத்தில் கண்ட பெப்டைடுகள் காட்டிய வழியில் உருவானது, அதே ஏசிஇ நொதியை அடக்கும் காப்டோபிரில். இதயத்தின் வெளியேற்றத் திறன் 40 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்த 2,231 பேரிடம், மாரடைப்பு வந்த 3 முதல் 16 நாட்களுக்குள் சிகிச்சையைத் தொடங்கி நடத்திய ஆய்வு 1992இல் வெளியானது. காப்டோபிரில் எடுத்தவர்களிடம் இறப்பு அபாயம் 19 சதவீதம் குறைந்திருந்தது. அந்த மருந்து நொதியை அழிக்கவில்லை. அதன் வேகத்தை மட்டும் மட்டுப்படுத்தியது.

தம்பி, திருநள்ளாறு போவோம். ஆனால் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை கட்ட வேண்டாம். பிழைத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு, அன்புக்கும் அளவறியும் அறிவைக் கேட்டு வருவோம். உனக்காக மட்டும் இல்லை, அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்துத்தான்.