இழுப்பை மறைப்பது பாவமா?

தேயிலைத் தொழிற்சாலையில் சலிக்கும் அறையில் வேலை செய்பவன் ஒருவனுக்கு இராத்திரியில் மூச்சு இழுக்கிறது. டிஸ்பென்சரியில் விசாரித்தால், "பனி ஒத்துக்கொள்ளவில்லை ஐயா" என்கிறான். உடப்புசல்லாவைக் குளிரில் அந்தப் பதிலை யார் சந்தேகிப்பார்கள்? தூசியால்தான் என்று சொன்னால் ஸ்டோர் வேலை போய்விடும், நாளைக்குப் பேர் விழாது என்பது அவன் பயம். இவன் பொய் சொல்லிப் பாவம் கட்டிக்கொள்கிறானா?

முதலில் நோயை அறிந்துகொள்வோம். கொழுந்தை வாட்டி, அரைத்து, உலர்த்தியபின் சலிக்கும்போதுதான் தூசி மிகுதியாய்க் கிளம்புகிறது. தளிரின் மெல்லிய மயிரும் உதிர்ந்து பஞ்சாய்ப் பறக்கிறது. நம் நாட்டு நெஞ்சுநோய் நிபுணர் டாக்டர் சி. ஜி. ஊரகொட 1970இல் டீமேக்கர் ஒருவருக்கு வந்த ஆஸ்துமாவைப் பற்றி ஆங்கில மருத்துவ ஏடொன்றில் எழுதினார். 1980இல், தேயிலை கலக்கும் தொழிலாளர் 125 பேரைப் பரிசோதித்த முடிவுகளையும் வெளியிட்டார். இந்நோய்க்கு ஓர் அடையாளம் உண்டு. திருவிழாவுக்கு ஊர் போய் ஒரு வாரம் நிம்மதியாய் உறங்கியவன், வேலைக்குத் திரும்பியதும் மறுபடி உட்கார்ந்தே விடியவைப்பான். அப்படியானால் குற்றம் பனியில் இல்லை. ஒருமுறை தூசி ஒவ்வாமையாகிவிட்டால் சிறிதளவே போதும். சீக்கிரம் விலகினால் குணமாக வாய்ப்பு அதிகம். வருடக்கணக்கில் தாமதித்தால் இழுப்பு ஆயுளுக்கும் நிலைத்துவிடலாம்.

ஆகவே மறைப்பவன் தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் தீங்கு செய்கிறான், அதில் ஐயமில்லை. ஆனால் உயிரைக் காக்கும் கடமையை அவன் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் எழுந்து போகலாமா?

"அவனாகத்தானே இந்த வேலைக்கு வந்தான்" என்பார்கள். புயலில் சரக்கைக் கடலில் எறியும் மாலுமியை அரிஸ்டோட்டில் உதாரணம் காட்டினார். புனித தோமாஸ் அக்குவினாசும் அதை எடுத்தாண்டார். அவன் கையாலேயே எறிகிறான், ஆயினும் புயல் இல்லாவிட்டால் எறிவானா? பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இல் 'ரேரும் நோவாரும்' மடலில் இதையே தொழிலாளிக்குப் பொருத்தினார்: தேவையாலோ பயத்தாலோ கடினமான நிபந்தனைக்கு இணங்குபவன் பலவந்தத்துக்கும் அநீதிக்கும் ஆளானவனே.

சிலர் முகமூடி கொடுத்துவிட்டோம் என்று கைகழுவுகிறார்கள். சாதாரணத் துணி நுண்தூசியைத் தடுக்காது. நல்ல முகமூடியையும் சூடான அறையில் எட்டு மணிநேரம் கட்டிக்கொண்டு உழைப்பது எளிதா, துரைமாரே ஒருநாள் கட்டிப் பார்க்கட்டும். தொழிற்சாலைகள் பற்றிய 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் தூசியைத் தொழிலாளி சுவாசிக்காதபடி காக்கும் பொறுப்பை முதலில் தொழிற்சாலை நடத்துபவர்மேல் வைக்கிறது. தூசி எழும் இடத்திலேயே காற்றாடியால் உறிஞ்சி வெளியேற்ற வேண்டும்; சலிக்கும் இயந்திரத்துக்கு மூடி வேண்டும். தேயிலை ஈரம் குடிக்குமாதலால் தண்ணீர் தெளித்துக் கூட்ட முடியாது. விளக்குமாற்றால் கூட்டினால் அடங்கிய தூசியெல்லாம் மறுபடி எழும். உறிஞ்சும் இயந்திரத்தால் துப்புரவு செய்வதே முறை. இவற்றுக்கு மின்சாரச் செலவுண்டு. இப்போது அந்தச் செலவு ஒருவன் நெஞ்சிலிருந்து எடுக்கப்படுகிறது.

நோய் வந்தவனைச் சலிக்கும் அறையிலிருந்து மாற்றத்தான் வேண்டும். கொழுந்து நிறுக்கவோ, தூசியில்லாத வேறு வேலைக்கோ அனுப்பலாம். சம்பளம் குறையாது, பேர் வெட்டமாட்டோம் என்று மாற்றுவதற்கு முன்னரே அவனிடம் சொல்லட்டும். அதன் பிறகும் பனியைக் குறை சொன்னால், அவன் பொய்யைப் பற்றிப் பேசுவோம்.