சாம்பலும் பொறுப்பும்

கதிர்வீச்சு என்னும் சொல் செவியில் விழுந்த மாத்திரத்தே மனிதன் அஞ்சுகின்றான். ஆயின் கடல்நீரின் ஒவ்வொரு லீற்றரிலும் ஏறத்தாழ 3 மைக்கிரோகிராம் யுரேனியம் கரைந்தே உள்ளது. புத்தளத்தில் உப்பு விளைவிப்போரும் கற்பிட்டிக் கரையில் வலை இழுப்போரும் தலைமுறை தலைமுறையாக அக்கடலை நம்பியே வாழ்ந்து வருகின்றனர். யுரேனியம்-238 இன் அரைவாழ்வுக் காலம் ஏறக்குறைய 450 கோடி ஆண்டுகள். அல்பா, பீற்றாத் துணிக்கைகளை உமிழ்ந்து படிப்படியாகச் சிதையும் அது, இடையே ரேடியமாகவும் ரேடன் வாயுவாகவும் உருமாறி, ஈற்றில் ஈயமாகி அடங்குகின்றது. இச்சிதைவில் நன்மையுமில்லை, தீமையுமில்லை. பாறையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார் யார்?

இதே கரையில், நுரைச்சோலையில், 2011 இல் நிலக்கரி மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் மூன்று பிரிவுகளின் மொத்தக் கொள்ளளவு 900 மெகாவாற். கப்பலில் வந்திறங்கும் நிலக்கரியிலும் பத்து இலட்சத்தில் ஓரிரு பங்கு யுரேனியம் உண்டு. கரி எரிந்து போக, யுரேனியம் பெரும்பாலும் சாம்பலிலே தங்கிப் பன்மடங்கு செறிவடைகின்றது. காற்றுக் காலங்களிற் சாம்பற்றூசு தம் மனைகளிலும் தோட்டங்களிலும் படிகின்றதென அயற்கிராமத்தார் முறையிட்டு வந்துள்ளனர்.

'இஃது இயற்கையாகவே மண்ணில் உள்ளதுதானே' என்பது இதற்கு எளிதிற் கிடைக்கும் விடை. அதில் உண்மையும் உண்டு. சாம்பலில் உள்ள யுரேனியத்தின் அளவு பல வேளைகளிற் சாதாரணப் பாறைகள் சிலவற்றின் அளவை ஒத்ததே. கதிரினும் தூசே சுவாசப்பைக்கு உடனடித் தீங்கு. இதனை மறைத்து அச்சம் வளர்ப்பது நேர்மையன்று. எனினும் பௌதிகம் தந்த விடை அறவியல் வினாவுக்கு விடையாகாது. மழை பெய்தல் இயற்கை; அயலான் கூரையைப் பிரித்துவிட்டு, 'நனைத்தது மழைதானே' என்பது எவ்வகை நியாயம்? நிலத்தடியில் அடைபட்டுக் கிடந்ததை அகழ்ந்து, எரித்து, செறிவாக்கிப் பிறன் மூச்சுக் காற்றில் விடுமிடத்தே மனிதச் செயல் புகுந்துவிடுகின்றது.

வெளிச்சம் நாடெங்கும் பரவச் சாம்பலோ சில ஊர்களிலே வீழ்கின்றது. 'தீங்கு சிறிது' என்று கூறுவோரும் பெரும்பாலும் வெளிச்சம் பெறுவோரே. புகையை ஊரவர் தாமே காண்பர். கதிரைக் கருவியன்றிக் காண்பார் இல்லை. ஆகவே, கருவி உடையோர் மண்ணையும் கிணற்று நீரையும் காலந்தோறும் அளந்து, கண்ட தொகையை அவ்வூரார் பேசும் தமிழிலும் சிங்களத்திலும் அறிவிக்கக் கடமைப்பட்டவராவர். தொகை சிறிதாயின் அவர்கள் அச்சம் நீங்கவும், பெரிதாயின் நியாயம் கேட்கவும் அவ்வறிவிப்பே உதவும்.