சரியாதலும் சரிக்கட்டுதலும்

ஓர் ஏட்டிலுள்ள கணக்கை மற்றோர் ஏட்டிற்குப் பெயர்த்தெழுதுபவன் எதற்குப் பொறுப்பாளி? தொகைக்கா, உண்மைக்கா? இரண்டும் ஒன்றேயன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று என்பதற்குக் குடும்பக் கணக்கெழுதும் கணிப்பொறி மென்பொருள்களே தக்க சான்றாக விளங்குகின்றன.

அமெரிக்காவில் 1980களிலிருந்தே 'குயிக்கன்' என்னும் மென்பொருளில் மக்கள் தம் வரவு செலவைப் பதிந்து வருகின்றனர். அதற்குப் போட்டியாக 1991இல் தோன்றிய 'மைக்ரோசாஃப்ட் மணி'யின் விற்பனை 2009இல் நிறுத்தப்பட்டது. பழைய ஏடுகளைத் திறந்து பார்ப்பதற்கென மறு ஆண்டில் இலவசமாக வெளியிடப்பட்ட பதிப்புக்குச் 'சன்செட்', அதாவது கதிரவன் மறைவு, என்றே பெயரிட்டனர். குயிக்கனிலும் மிகப் பழைய கோப்பைப் புதிய பதிப்பு நேரே ஏற்பதில்லை; இடைப்பட்ட பதிப்புகளின் வழியே படிப்படியாக ஏற்றிவர வேண்டும். ஒரு முறை மாற்றிய கோப்பைப் பழைய பதிப்பில் மீண்டும் திறக்கவும் இயலாது.

ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குக் கணக்கைக் கொண்டுசெல்லக் 'கியூஐஎஃப்' என்னும் எளிய எழுத்துக் கோப்பு நெடுங்காலமாகப் பயன்படுகிறது. அதில் இரு இடர்கள் உள. முதலாவது தேதி. 3/4 என்பது மார்ச் நான்கா, ஏப்ரல் மூன்றா என அக்கோப்பு உரைப்பதில்லை. இரண்டாவது பணமாற்றம். நடப்புக் கணக்கிலிருந்து சேமிப்புக் கணக்கிற்கு 500 டாலர் மாற்றப்பட்டதாகக் கொள்வோம். இரு கணக்குகளின் கோப்புகளிலும் அச்செய்தி இருக்கும். இரண்டையும் புதிய ஏட்டில் ஏற்றும்போது, கவனியாவிடில், ஒரே மாற்றம் இருமுறை பதிவாகிவிடும். நடப்பில் 500 குறையும். சேமிப்பில் 500 கூடும். விந்தை யாதெனில், இரண்டின் கூட்டுத்தொகையோ இம்மியும் மாறாது! மொத்தத்தை மட்டும் நோக்குபவன் மகிழ்ந்து ஏட்டை மூடிவிடுவான்.

வங்கி அறிக்கையோடு ஒப்பிடுபவனே வேறுபாட்டைக் காண்பான். அவன் முன் மென்பொருள் ஓர் எளிய வழியை வைக்கிறது: 'இருப்பைச் சரிக்கட்டுக.' ஒரே பதிவில் நடப்பில் 500 சேர்ந்துவிடும். மற்றொன்றில் சேமிப்பிலிருந்து 500 கழிந்துவிடும். இருப்புகள் இப்போது வங்கியோடு பொருந்துகின்றன. ஆனால், நிகழாத மாற்றம் ஒன்று ஏட்டில் நிலைத்துவிட்டது. வாராத வரவும் போகாத செலவும் அதற்குத் துணை சேர்ந்தன. சரிக்கட்டினான், சரியாகவில்லை.

தன் வீட்டுக் கணக்குத்தானே, இதனால் எவர்க்குக் கேடு என்று கேட்கலாம். கணக்கு எழுதியவனுக்கு மட்டும் உரியதன்று. அவன் மறைந்தபின், கொடுத்த கடன் எது, தீர்ந்த கடன் எது என மனைவி மக்கள் அவ்வேட்டிடமே கேட்பர். அது அவன் கையிலுள்ள அமானிதம். சில காசுகளுக்காகப் பல நாள் தேடுவது அறிவுடைமையன்று என்பதை மறுக்கவில்லை. அப்போதும், 'காரணம் அறியப்படாத வேறுபாடு' என வெளிப்படையாகக் குறித்து வைத்தல் வேண்டும். அறியாமையை ஒப்புக்கொள்ளும் பதிவு பொய்யாகாது.

அச்சு இயந்திரம் பரவாத காலத்தில் அரபு நூல்களைப் பெயர்த்தெழுதியோர் இந்நெறியை நன்குணர்ந்திருந்தனர். படியை மூலத்தோடு வைத்து ஒப்பிடுவதை 'முகாபலா' என்றனர். ஒப்பிட்டு முடித்த இடத்தை ஓரத்தில் குறித்தனர். மூலத்தில் ஐயத்திற்குரிய சொல்லைக் கண்டால், தாமே திருத்திவிடாது உள்ளவாறே எழுதி, 'கதா', அதாவது 'இவ்வாறே உள்ளது', என்று குறியிடுவதும் உண்டு. பின் வருவோன் தன் அறிவால் ஆய்ந்து கொள்ளட்டும் என விட்டுவைத்த பெருந்தன்மை அது.

கணக்கை மாற்றுவோரும் அவ்வாறே செய்யலாம். பழைய கோப்பின் படியொன்றைத் தொடாமல் காத்து, ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் ஆண்டுவாரியாக ஒப்பிட்டு, பிழையின் வேரைத் தேடிக் களைதல் வேண்டும். மென்பொருள் மூப்படையும், நிறுவனம் கைவிடும், ஏடு மாறும். மெய்யை மட்டும் வழியில் தவறவிடலாகாது.