வடிவும் அளவும்

ஒரு பொருளின் வடிவம் சிறிதும் மாறாமல் அளவு மட்டும் பெருகுமானால், பெருகி நிற்பது பழைய பொருள்தானா, அன்றி வேறொன்றா என்னும் கேள்வி, தர்க்க சாஸ்திரிகளை விட்டு இறங்கி இன்று பொம்மை செய்வோரின் மேசைக்கே வந்துவிட்டது. உள்ளங்கையளவு களிமண் யானைக்குச் சிலிக்கோன் ரப்பரில் அச்செடுத்து, ‘ஹைட்ரோஸ்பான்’ என்னும் திரவத்தை அதில் வார்த்து, இறுகியபின் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். நாட்கணக்கில் நீரைக் குடித்து அது எல்லாப் பக்கமும் ஒரே விகிதமாக, ஏறத்தாழ 60 சதவீதம் வரை வளர்கிறது. வெளியே வைத்தால் உலர்ந்து சுருங்கிவிடும் ஆதலால், ஈரம் காயுமுன் அதற்கும் அச்செடுத்துக் கெட்டியான பிசினில் வார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெருமை யானையின் சுபாவமன்று, நீர் தந்த இரவல்; உபாதியை விளக்க முற்படும் வேதாந்திக்கு நல்லதொரு திருஷ்டாந்தம்.

விலாவில் மண்ணைப் பிசைந்தவனின் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தால், அதுவும் கூடவே வளர்ந்து ஓர் அரக்கனின் ரேகையாகிறது. துதிக்கையில் விழுந்த கீறலும் பள்ளமாகிறது. குணத்தைப் பெருக்கிக் குற்றத்தை விலக்கும் விவேகம் தண்ணீருக்கு ஏது? மேலும், 1638இல் வெளிவந்த நூலில் கலிலியோ காட்டிய நியாயப்படி, நீளம் 1.6 மடங்கானால் காலின் குறுக்குப் பரப்பு 2.56 மடங்கே ஆக, அது சுமக்கும் எடையோ நான்கு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. வடிவம் மாறவில்லை என்று கண் சொல்லலாம், கால் ஒப்புக்கொள்ளாது. ஆகவே அதை வேறு பொருள் என்றே கொள்வேன்.

சுவாமிமலை ஸ்தபதிகளின் வழி வேறு. செய்யப்போகும் விக்கிரகத்தின் உயரத்துக்குத் தென்னையோலையை நறுக்கி, சாஸ்திரப் பிரமாணப்படி அதை மடித்து, அந்த மடிப்புகளையே அளவாகக் கொண்டு மெழுகில் உருவமைக்கிறார்கள். சாண் உயரமாயினும் ஆள் உயரமாயினும் முகத்துக்கும் உடலுக்கும் உள்ள விகிதம் ஒன்றே. நகமும் ஆபரணமும் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கின்றன, ஏனெனில் அங்கே நீள்வது ஓலையேயன்றிக் கையன்று.

2023இல் டெல்லி பாரத மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட 27 அடி நடராஜரும் சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு முறையில் வார்த்தவரே. அதனால் அவர் பூஜைப் பெட்டியிலுள்ள விரல் நீள நடராஜரைவிடப் பெரிய தெய்வமாகிவிடவில்லை. உயரம் தூரத்தில் நின்று காண்பவனுக்காக ஏற்பட்ட வசதி; சாந்நித்தியம் அடிக்கணக்கில் ஏறுவதன்று. ஊருக்கு ஊர் சிலை உயரத்தில் போட்டியிடும் அன்பர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.