தடுக்கும் கை

காசு வாங்கிக்கொண்டு உடம்பைக் கொடுத்தால் அது தானமா, கூலியா? ஹைதராபாத்தில் எங்கள் பாலாநகரில் இதை லேத் பட்டறைப் பையன்களே கேட்கிறார்கள். "ரெண்டு நாள் ஸ்டடிக்குப் போறேன் அங்கிள்" என்று அவர்கள் சொன்னால் படிக்கப் போகிறார்கள் என்று அர்த்தமில்லை. சந்தையில் ஏற்கெனவே உள்ள மாத்திரையும் அதே மருந்தை வேறொரு கம்பெனி செய்த மாத்திரையும் ரத்தத்தில் ஒரே அளவு சேர்கின்றனவா என்று ஆரோக்கியமானவர்களிடம் பார்க்கும் ஆய்வு அது. முதல் நாள் இரவே வார்டில் படுக்க வேண்டும். காலையில் மாத்திரையை விழுங்கியதும், கையில் சொருகிய குழாய் வழியே குறித்த நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். சில நாள் இடைவெளி விட்டு, மற்ற மாத்திரையோடு மறுபடியும் அதே. முடிந்ததும் பணம்.

நான் இங்குள்ள ஐ.டி.பி.எல். ஆலையில் மருந்தின் தரம் பார்த்து ஓய்வு பெற்றவன். 1961இல் பிறந்த அந்த அரசு நிறுவனம் சோவியத் உதவியோடு இங்கே மருந்து ஆலையையும், சென்னை நந்தம்பாக்கத்தில் அறுவைக் கருவி ஆலையையும் கட்டியது. இப்போது ஒரு மருத்துவமனையின் எத்திக்ஸ் கமிட்டியில் இருக்கிறேன். மனிதர்களிடம் மருந்தைச் சோதிக்க அந்தக் கமிட்டியின் அனுமதி வேண்டும். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி அதில் ஏழு பேராவது இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் சாமானியர். அந்த நாற்காலி என்னுடையது. ஒவ்வொரு சம்மதப் படிவத்தையும் வாசிக்கும்போது அந்தப் பையன்களின் கேள்வி என் முன்னால் நிற்கிறது.

இந்தக் கேள்விக்கு இந்த ஊரில் பழைய வேர் உண்டு. சில கிலோமீட்டர் தள்ளி பேகம்பேட்டையில், 1897 ஆகஸ்ட் 20 அன்று, ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அந்தக் கொசுக்கள் குடித்தது உசேன் கான் என்ற நோயாளியின் ரத்தத்தை. கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா அவருக்குக் கூலி. 1902இல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அணாக்களை வாங்கினார் என்பதால் உசேன் கான் உலகத்துக்குக் கொடுத்தது குறைந்துவிட்டதா? கோயிலில் மாலை கட்டுபவர் சம்பளம் வாங்குகிறார் என்பதற்காக சாமி அந்த மாலையை வேண்டாம் என்பதில்லை. ஒருநாள் வேலையை விட்டு வருபவருக்கு ஈடு கொடுப்பது நியாயம். பணமே கூடாது என்றால், வேலையை விட்டு வர வசதியுள்ளவர்கள் மட்டுமே கொடையாளிகள் ஆவார்கள்.

என்னை உறுத்துவது பணம் அல்ல. மறுக்க முடியாதவரிடமிருந்து வாங்குவதுதான் உறுத்துகிறது. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் 10 முதல் 14 வயதுவரையுள்ள ஏறத்தாழ 14,000 சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஓர் ஆய்வுத் திட்டமாகப் போடப்பட்டது. பலர் பழங்குடிக் குழந்தைகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் பல படிவங்களில் விடுதி வார்டன்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். 2010இல் அரசு திட்டத்தை நிறுத்தியது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தடுப்பூசி நல்லது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அங்கே தானம் நடக்கவில்லை. முடியாது என்று சொல்ல வாயிருப்பவர்தான் கொடுக்க முடியும்.

இதை நான் காளத்தியில் கற்றேன். லிங்கத்தின் கண்ணில் ரத்தம் வழிந்தபோது, கண்ணப்பர் என்று நாம் அறியும் திண்ணனார் தன் கண்ணைப் பெயர்த்து அப்பினார் என்பதைத்தான் எல்லோரும் சொல்கிறோம். அதற்கு முன்னால் அவர் காடெல்லாம் அலைந்து பச்சிலை பறித்துவந்து பிழிந்து பார்த்தார். இலை பலிக்காதபோதுதான் தன் உடம்பிடம் வந்தார். உடம்பு கடைசி மருந்து. பிறகு லிங்கத்தின் இரண்டாவது கண்ணிலும் ரத்தம் வழிந்தது. இடம் தெரிவதற்காகக் காலை ஊன்றிக்கொண்டு, மிச்சமிருந்த கண்ணிலும் அம்பை வைத்தார். அப்போது லிங்கத்திலிருந்து ஒரு கை வந்து அவர் கையைப் பிடித்தது. பிடித்தது யார்? வாங்குகிற சாமி. சோதனை வைத்தவரும் அவரே.

கொடுப்பவருக்கு அன்பு மிகும்போதோ வறுமை மிகும்போதோ எல்லை தெரியாது. அந்த எல்லையைக் காக்கும் தர்மம் வாங்குபவருடையது. ஒரு ஸ்டடி முடிந்து பொதுவாக மூன்று மாதமாவது ஆகாமல் அடுத்ததில் சேரக் கூடாது. அதை மறைத்து இன்னொரு வாசலுக்குப் போகும் பையனைத் திட்டிப் பயனில்லை. வாசலில் இருப்பவர்தான் பார்த்துத் தடுக்க வேண்டும். ஆபத்து தெரிந்தால் பாதியில் நிறுத்துவது, காரணம் கேட்காமல் விலக விடுவது, ஆய்வால் தீங்கு வந்தால் செலவில்லாமல் வைத்தியம் பார்த்து இழப்பீடு கொடுப்பது என்று சட்டம் இன்று கேட்பவை எல்லாம் அந்தக் கையின் விரல்கள்.

அந்தக் கை இருக்கும் இடத்தில் ஏழையின் கொடை எவ்வளவு பெரிதாகும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில், சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடுமாக இருந்தவர்களையும், நெருக்கடியான வீடுகளிலேயே இருந்து மருந்து சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். 1959இல் முடிவு வந்தது: வீட்டு வைத்தியம் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது, வீட்டாருக்கும் அதனால் கூடுதலாக நோய் ஒட்டவில்லை. உலகமே சானடோரியத்தை விட்டு வெளியே வர அந்த நோயாளிகள் வழி காட்டினார்கள். 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வில் ஏறத்தாழ 2,60,000 பேர் சேர்ந்தார்கள். நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று 1979இல் விடை வந்தது. பலிக்காது என்று தெரிய உடம்பைத் தந்ததும் வீணாகாத தானம்தான். அதன்பின் நுரையீரல் காசநோயைத் தடுக்க அந்த ஊசியை மட்டும் நம்பாமல் உலகம் வேறு வழி தேட முடிந்தது.

ஆனால் தானம் வாங்கியவர் அது என்ன ஆயிற்று என்று கொடுத்தவரிடம் சொல்ல வேண்டாமா? நீரிழிவோ ரத்த அழுத்தமோ புற்றுநோயோ, எந்த ஆய்வுக் கோப்பு வந்தாலும் நான் கடைசியில் ஒன்று கேட்பேன்: "முடிவு வந்ததும் இவங்களுக்கு யார் சொல்வீங்க, எந்த மொழியில?" பத்திரிகையில் வெளியிடுவோம் என்பார்கள். அது டாக்டர்களுக்கு. ரத்தம் கொடுத்தவருக்கு அவருடைய தெலுங்கிலோ உருதுவிலோ ஒரு பக்கம் எழுதிக் கொடுப்போம் என்று படிவத்தில் சேருங்கள், அதுவரை நான் கையெழுத்திட மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். அந்த ஒரு பக்கத்தை வாங்கிக்கொள்ளும் மனிதரைக் கூலிக்காரர் என்று இனி யாரும் சொல்ல முடியாது. தன் கொடை எங்கே போய்ச் சேர்ந்தது என்று அறிந்தவர் அவர்.