பயத்துக்குக் கடமைன்னு பேர் வைக்காதே

"அண்ணே, மூணு வருஷத்துல முடியிற டிப்ளோமாவ எடுத்துட்டு வேலைக்குப் போறதா, இல்ல ஆறு வருஷம் ஆனாலும் பரவால்லன்னு இன்ஜினியரிங் படிக்கிறதா?"

தெலுக் பங்லிமா காராங்கில் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி என்னிடம் கேட்டான். எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த வாரம் அது. அவன் அப்பா போர்ட் கிள்ளானுக்குக் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். வீட்டில் அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் படிக்கிறார்கள்.

"ரெண்டுமே நல்லதுதான் தம்பி. யோசிச்சு முடிவு பண்ணு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனசு உறுத்தியது. நான் பதில் சொல்லவில்லை, தப்பித்துக்கொண்டேன். பதினேழு வயதில் இதே கேள்வி என் முன்னாலும் வந்து நின்றது. அப்போது நான் ஊருக்குச் சொன்ன பதிலில் ஒரு பொய் இருந்தது. அதை முதலில் ஒப்புக்கொண்டால்தான் அந்தத் தம்பிக்கு நேர்மையாக எதையும் சொல்ல முடியும்.

1998-இல் சிப்பாங்கில் புதிய விமான நிலையம் திறந்தபோது நான் தமிழ்ப்பள்ளி மாணவன். அன்று பிடித்த ஆசை, விமானத்தை வடிவமைக்கும் பொறியியலாளர் ஆக வேண்டும் என்பது. எஸ்.பி.எம். முடிந்தபோது இரண்டு வழி தெரிந்தது. ஆறாம் படிவம் போய், பிறகு நான்கு வருடம் பல்கலைக்கழகம். அல்லது போலிடெக்னிக்கில் மூன்று வருட மெக்கானிக்கல் டிப்ளோமா. அந்த வருடம் அப்பாவுக்கு ஓவர்டைம் குறைந்திருந்தது. நான் டிப்ளோமாவை எடுத்தேன். கேட்டவர்களிடம் எல்லாம், "தங்கச்சி படிக்கணும். நான் சீக்கிரம் சம்பாதிச்சாத்தான் வீடு ஓடும்" என்று சொன்னேன். கோயிலில் பெரியவர்கள் தோளைத் தட்டி, "பொறுப்பான பிள்ளை" என்றார்கள்.

உண்மை வேறு. கூடுதல் கணிதத்தில் நான் தட்டுத் தடுமாறித்தான் தேறியிருந்தேன். ஆறாம் படிவக் கணிதத்தை நினைத்தாலே வயிற்றைக் கலக்கியது. ஊரெல்லாம் சொல்லிவிட்டுத் தோற்றுப்போனால் என்ன செய்வது என்ற பயம். "எப்படியாச்சும் பாத்துக்கலாம்யா, நீ படி" என்று அம்மா இரண்டு தடவை சொன்னார். என்னிடம் யாரும் தியாகம் கேட்கவில்லை.

டிப்ளோமா எனக்குக் கெடுதல் செய்யவில்லை. தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் நல்ல வேலை கிடைத்தது. இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லப் பழகினேன். கெடுதல் செய்தது அந்தப் பொய்தான். வீட்டில் வாக்குவாதம் வரும்போதெல்லாம் "உனக்காகத்தான் நான் படிப்ப விட்டேன்" என்று தங்கையிடம் சொல்லிவிடுவேன். அவள் ஆசிரியர் ஆனாள். முதல் சம்பளத்தில் ஐந்நூறு வெள்ளியை ஓர் உறையில் போட்டுக் கொண்டுவந்து, "அண்ணே, இது ஒங்க படிப்புக் காசு" என்று கையில் வைத்தாள். அன்றும் நான் உண்மையைச் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டேன்.

கடோபநிஷத்தில் சிறுவன் நசிகேதனுக்கு எமதர்மன் இரண்டு பாதைகளைப் பற்றிச் சொல்கிறார். ஒன்று சிரேயஸ், நன்மை தருவது. மற்றது பிரேயஸ், அப்போதைக்கு இனிமை தருவது. இரண்டும் எல்லார் முன்னாலும் வரும், அறிவுள்ளவன் ஆராய்ந்து பிரித்தெடுப்பான் என்கிறார். நம் வகுப்புகளில் இதைப் பலமுறை கேட்டிருப்போம். உடனே சிலர், கனவுப் படிப்புதான் சிரேயஸ், சீக்கிரம் சம்பாதிப்பது பிரேயஸ் என்று கணக்குப் போடுவார்கள். சில பெற்றோர் அப்படியே திருப்பிப் போடுவார்கள். ஆனால் எந்தப் படிப்பின் நெற்றியிலும் சிரேயஸ் என்று எழுதி ஒட்டியிருக்காது. 'இன்ஜினியர்' என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்பதற்காக எடுக்கும் கனவுப் படிப்பும் பிரேயஸாக இருக்கலாம். வீட்டு நிலைமையை அறிந்து மனசோடு எடுக்கும் டிப்ளோமாவும் சிரேயஸாக இருக்கலாம்.

கீதையின் முதல் அத்தியாயத்தில் அர்ஜுனன் பேசுவதைக் கவனியுங்கள். குடும்பம், குலம், தர்மம் என்று பெரிய பெரிய காரணங்களாக அடுக்குகிறான். கேட்பதற்கு ஞானியின் பேச்சு மாதிரியே இருக்கிறது. ஆனால் அதன் அடியில் இருக்கும் மயக்கத்தை கிருஷ்ணர் கண்டுகொள்கிறார். என் "பொறுப்பும்" அப்படிப்பட்ட பேச்சுதான். பயத்துக்குக் கடமை என்று பேர் வைத்தேன்.

இங்கே டாக்டர் அப்துல் கலாமின் வாழ்க்கையைப் பார்க்கலாம். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்த பிறகுதான் தன் துறை அது இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. 1955-இல் சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேர்வதற்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டும். குடும்பத்தில் அவ்வளவு பணம் இல்லை. அக்கா ஜொஹ்ரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். சம்பாதித்து அந்த நகைகளை மீட்க வேண்டும் என்று தம்பி உறுதி எடுத்துக்கொண்டார். பிறகு விமானப்படை விமானி ஆகும் தேர்வில் எட்டுப் பேருக்கு இடம், இவர் ஒன்பதாவது. மனம் உடைந்து ரிஷிகேஷ் போனபோது அவருக்குத் தைரியம் சொன்னவர் சுவாமி சிவானந்தர். அதே சிவானந்தர் துறவியாவதற்கு முன் நம் மலாயாவில் பத்து வருடம் மருத்துவராக இருந்தவர்.

அந்த அக்காவுக்குத் தான் என்ன கொடுக்கிறோம் என்று தெரியும். தம்பிக்குத் தான் என்ன வாங்குகிறோம் என்று தெரியும். அது நேர்மையான கடன், அதில் அவமானம் எதுவும் கிடையாது. நான் செய்தது தலைகீழ். என் தங்கை வாங்காத கடனை அவள் தலையில் எழுதிவிட்டேன்.

ஆகவே தம்பி தங்கைகளே, முடிவு எடுப்பதற்கு முன் மூன்று கேள்விகளைத் தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று, நாளைக்கே ஒருவர் முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டால் பொறியியலுக்குப் போவீர்களா? "போவேன்" என்றால் உங்கள் பிரச்சினை பணம்தான். அதற்குக் கதவுகள் உண்டு. பி.டி.பி.டி.என். கடன் உண்டு, உபகாரச் சம்பளம் உண்டு. நாலு பேரிடம் கேட்க வெட்கப்படாதீர்கள். பணம் இருந்தும் கால் பின்வாங்கினால் அது பயம். அதற்கு மருந்து வேறு, ஒரு நல்ல கணித ஆசிரியர் போதும். பயமும் இல்லை, ஆசையும் இல்லை என்றால், டிப்ளோமாவைச் சந்தோஷமாக எடுங்கள், தியாகி வேடம் வேண்டாம்.

இரண்டு, யாரும் உங்களை 'இன்ஜினியர்' என்று கூப்பிடாவிட்டாலும் அந்த வேலையை தினமும் செய்யப் பிடிக்குமா?

மூன்று, இதற்கு விலை கொடுக்கப் போவது யார்? அவர்களிடம் வாய்விட்டுக் கேட்டீர்களா?

பாரம் நிரப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'பொறியியல்' வேறு, 'பொறியியல் தொழில்நுட்பம்' வேறு. முதலாவதில் அங்கீகாரம் பெற்ற பட்டம் இருந்தால் மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பதியலாம். இரண்டாவதற்கு 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தொழில்நுட்பர் வாரியம் உண்டு. எதில் சேருகிறோம் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். டிப்ளோமா எடுத்தால் கதவு சாத்திவிடும் என்பதும் இல்லை. அதைக் காட்டிப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம், சில பாடங்களுக்கு விலக்கும் கிடைக்கும். நம் பக்கத்து ஊர் பந்திங் போலிடெக்னிக்கில் விமானப் பராமரிப்பே டிப்ளோமாவாகக் கற்றுத் தருகிறார்கள்.

போன தீபாவளிக்கு, பலகாரத் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து, தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "இத்தன வருஷமா நான் ஒங்களுக்குக் கடன்காரின்னு நெனச்சே வாழ்ந்துட்டேன், தெரியுமாண்ணே?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஐந்நூறு வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன். வருடங்களைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

தம்பி, நீ டிப்ளோமா எடு, இல்லை இன்ஜினியரிங் எடு. எதை எடுத்தாலும் உண்மையான காரணத்தை அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டு எடு. வரும் ஞாயிறு வகுப்புக்கு அந்தக் கணிதப் புத்தகத்தையும் கொண்டு வா. எனக்கும் அதோடு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. சேர்ந்தே பார்ப்போம்.